டிப்பர் கொட்டும்போது யார் நிற்கிறார்? வேலைத்தளங்களுக்குப் பொருள் எடுத்த அனுபவங்கள்

களஞ்சியக்காரன்:

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு விடுதி, பாலையூற்றில் ஒரு மாடி வீடு, தம்பலகாமத்தில் ஒரு நெற்களஞ்சியம் என்று மூன்று இடங்களுக்கு ஒரே நேரத்தில் கட்டடப் பொருள் எடுத்துக் கொடுக்கிறேன். விலை பேசுவதில்தான் கெட்டித்தனம் எல்லாம் இருக்கிறது என்று முதலாளிமார் நினைக்கிறார்கள். மணலில் ஒரு கியூபுக்கு (100 கன அடிக்கு) ஐந்நூறு ரூபா குறைத்துப் பேசிவிட்டு, டிப்பர் கொட்டும்போது பக்கத்தில் ஆள் இல்லையென்றால் பேசிய பேச்செல்லாம் வீண்.

போன சோளகக் காலத்தில் நடந்தது இது. நிலாவெளி வீதியில் அருகருகே மூன்று விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் மேற்பார்வையாளர் கடைக்கு அனுப்பிய தகவல் இவ்வளவுதான்: "நிலாவெளி ஹோட்டல் வேலை, ஆறு அங்குலக் கல் ஆயிரம், நாளைக் காலை." கல் சொன்ன நேரத்துக்கே வந்தது, பக்கத்துத் தளத்துக்கு. அங்கிருந்த காவலாளி ஐயா மறுபேச்சில்லாமல் கையொப்பம் வைத்து இறக்கிவிட்டார். கடைக்காரரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டிவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், எங்கள் கல்லில் அவர்களுடைய சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற மேசன் தம்பி, "நல்ல கல் அண்ணன், ஒன்றுகூட உடையவில்லை" என்றார்! அடுத்த கிழமை அவர்கள் ஆயிரம் கல் திருப்பித் தந்தார்கள். ஆனால் அதுவரை எங்கள் மேசன்மாருக்குச் சும்மா இருந்த கூலியை யார் தருவது?

"கம்பி 10" என்று எழுதுவதும் இதே ரகம். பத்துக் கம்பியா, பத்து மில்லிமீட்டர் கம்பியா? இப்போது என் வாட்ஸ்அப் தகவலில் தளத்தின் பெயர், இறக்க வேண்டிய இடம், பொருள் ஏற்பவரின் பெயர், தடிப்பு, நீளம், எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கடைக்காரர் அதை அப்படியே திருப்பி எழுதி அனுப்பாமல் லொறி புறப்படக் கூடாது. முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். டிப்பரின் பின்கதவு திறக்கும் முன் அளவு நாடாவோடு ஆள் மேலே ஏற வேண்டும். உட்பக்கம் 12 அடி நீளம், 7 அடி அகலம். நடுவில் கூம்பாக நிற்கும் மணலை மண்வெட்டியால் சமமாக இழுத்துவிட்டால் உயரம் 3 அடி. பெருக்கினால் 252 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆக, வந்தது இரண்டரை கியூப், பில்லில் இருப்பது மூன்று. அதோடு ஈரலிப்பான மணல் பொருமி நிற்கும், காய்ந்த மணலைவிடக் கால்பங்குகூட அதிக இடம் பிடிக்கும். கொட்டிய பிறகு குவியலைப் பார்த்து வாய்ச்சண்டை போட்டுப் பலனில்லை.

கின்னியா டிப்பர்:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வாகன இலக்கமும் திகதியும் அதில் இருக்கும். ஏற்றிக்கொண்டு பாதி வழி வந்த பிறகு, "நானா, இன்று இடமில்லை, நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். நாளைக்கு அந்தப் பத்திரத்தோடு வீதியில் மறித்தால் நான் என்ன சொல்வது?

இன்னொன்று, மாரி பிறந்தால் மகாவலி பெருகிவிடும், மணல் அள்ள முடியாது. கார்த்திகையில் கூப்பிட்டு, "உடனே பத்து கியூப்" என்பவர்கள் புரட்டாதியிலேயே கேட்டிருக்கலாம். ஒழுங்கைக்குள் மின்கம்பி தாழ்வாகத் தொங்குவதையும் முதலே சொல்லுங்கள். பெட்டியை உயர்த்தும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

உப்புவெளி வீட்டுக்காரி:

கணவர் கட்டாரில். வீட்டு வேலையை நான்தான் பார்த்தேன். மலிவாக வந்த மணலை மேசன் ஐயா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், உடனே துப்பினார். கடல் மணல். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும் என்று சொல்லி லொறியைத் திருப்பிவிட்டார். அவர் அன்றைக்கு வேறு இடத்தில் வேலைக்குப் போயிருந்தால் அது எங்கள் சிலாப்புக்குள் போயிருக்கும்.

சீமெந்து வேறு கதை. 2022இல் பைக்கற் மூவாயிரம் ரூபாவைத் தாண்டிய பயத்தில் இருந்த மாமா, விலை இறங்கிய பிறகும் வாங்கி வாங்கித் தகரக் கொட்டிலில் அடுக்கினார். சீனக்குடாவிலேயே சீமெந்து உற்பத்தியாகிறது, எதற்கு மாமா இவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலில்லை. வாடைக் காற்றும் கடல் ஈரமும் சேர்ந்து, நிலத்தோடு கிடந்த வரிசை கல்லாகிவிட்டது. மேலே இருந்தவற்றில் விரலால் நசுக்கக் கட்டி உடைந்ததை மட்டும் பூச்சுக்கு எடுத்தார்கள். பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

கம்பியிலும் ஏமாற்றுவார்களா அண்ணா? அடுத்த தட்டுக்கு இனித்தான் வாங்க வேண்டும்.

களஞ்சியக்காரன்:

நானா, வாகனம் காத்துக் கிடந்தால் காத்திருப்புக் கூலியைப் பில்லிலேயே எழுதுங்கள். முதலாளி கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

தங்கச்சி, கம்பியை எண்ணி மட்டும் வாங்காதீர்கள், நிறுத்தும் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும். 12 மீட்டர் நீளக் கம்பியென்றால் பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். சிறிது கூடக் குறைய இருப்பது வழக்கம்தான். ஆனால் தராசு ஒன்பதில் நின்றால் இறக்கவே விடாதீர்கள்.