பத்துமலைப் படியில் ஒரு பாட்டில்

செந்தூலிலிருந்து:
எனக்கு ஆஸ்துமா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துப் பத்துமலை ஏறினப்போ நடந்தது. 272 படியில பாதி தாண்டியிருப்பேன். கற்பூரப் புகை, சாம்பிராணி, தூசி எல்லாம் சேர்ந்து நெஞ்சை இறுக்கிடுச்சு. மூச்சை எப்படியோ இழுத்துட்டேன், வெளியே விடத்தான் முடியலை. நீல இன்ஹேலரை வாயில வெச்சு ரெண்டு தடவை அமுக்கினேன். நாக்கு கசந்ததுதான் மிச்சம். அம்மா வேற, "வேணாம்டி, பழகிடும்"ன்னு கையைப் பிடிக்கிறாங்க.

பின்னாடி ஏறிவந்த ஒரு அக்கா பார்த்துட்டு நின்னாங்க. ஆஸ்பத்திரி மிஸ்ஸியாம், அதான் நர்ஸ். "மருந்து பூரா தொண்டையிலேயே ஒட்டிக்குதும்மா"ன்னு சொல்லி, காவடிக்காரர் ஒருத்தர்கிட்ட கத்தி வாங்கிக் காலி மினரல் வாட்டர் பாட்டிலோட அடியில ஓட்டை போட்டாங்க. இன்ஹேலரைக் குலுக்கி அதுல செருகி, பாட்டில் வாயை என் வாயில வெச்சு, ஒரு பஃப் அடிச்சு அஞ்சாறு தடவை மெதுவா மூச்சு இழுக்க வெச்சாங்க. இப்படியே நாலு பஃப். கொஞ்ச நேரத்துல பேச்சு வந்துச்சு.

ஆனா கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. "நீல இன்ஹேலர்ல இருக்கிற சல்பியூட்டமால் மூச்சுக்குழாயைச் சுத்தி இறுகின தசையைத் தளர்த்தும். அதே மருந்து கையையும் நெஞ்சையும் கொஞ்சம் சீண்டும், அடங்கிடும்"ன்னாங்க. இதுக்கும் கேட்கலைன்னா ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்காம இங்க உட்கார்ந்து என்ன செய்வீங்கன்னு அம்மாவுக்கும் ஒரு திட்டு. பாலைச் சிந்தாம மேலே கொண்டு போனது தம்பி.

பினாங்கிலிருந்து:
அக்கா, என் கதை வேற. கடைத்தெரு பக்கம் மசாலா அரைக்கிற இடத்துல வேலை. ஒரு நீல இன்ஹேலர்ல 200 பஃப், எனக்கு மாசம் ஒண்ணு காலி. அடிச்சா லேசாகும், நாலஞ்சு மணி நேரத்துல திரும்ப இளைப்பு. ஒருநாள் புஸ்ஸுன்னு சத்தம் வருது, இளைப்பு குறையவே இல்லை. மருந்து தீர்ந்து வெறும் வாயுதான் வந்திருக்கு! கிளினிக்ல டாக்டர் கணக்குக் கேட்டுட்டு, "நீலம் தசையைத்தான் தளர்த்தும். உள்ளே வீக்கம் அப்படியே கிடக்கு"ன்னு தினமும் எடுக்க ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தார். இப்போ நீலம் பெரும்பாலும் பையிலேயேதான். மாஸ்க் போடச் சொன்னார், அதான் வேர்த்துக் கொட்டுது.

செந்தூலிலிருந்து:
மாசம் ஒண்ணா! நல்லவேளை டாக்டர் கேட்டார் தம்பி. நான் ஃபார்மசியில ஸ்பேசர் வாங்கிட்டேன், அந்தப் பாட்டில் செஞ்ச வேலையைச் செய்யற குழாய். அந்த ஓட்டை பாட்டிலை அம்மா தூக்கிப் போட விடலை, சாமி மேடையில இருக்கு.