பழைய பேஸ்புக் லைவ் வீடியோக்களைக் கணினியில் இறக்கி வைப்பது எப்படி?

தஞ்சை வாசகன்:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் பேஸ்புக் பக்கத்தில் 2019 முதல் நூல் அறிமுகக் கூட்டங்களை லைவ் போட்டு வந்தோம். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். பேசியவர்களில் சிலர் இன்று இல்லை, அவர்கள் பேச்சுக்கு வேறு பதிவும் கிடையாது. பழைய லைவ் வீடியோக்கள் நீக்கப்படும் என்று இப்போது பக்கத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. போன் ஆப்பில் 'சேவ்' அழுத்தினால் கேலரிக்கு எதுவும் வருவதில்லை. லிங்க்கை ஒட்டினால் இறக்கித் தரும் ஒரு தளத்தில் முயன்றால் படம் வருகிறது, சத்தம் இல்லை. எல்லாவற்றையும் நல்ல தரத்தில் கணினிக்குக் கொண்டுவந்து, உறுப்பினர்களுக்குப் பென்டிரைவில் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

கணித்திரை:
முதலில் அவகாசம் வாங்குங்கள். 2025 பிப்ரவரி 19 முதல் புதிய லைவ் வீடியோக்கள் 30 நாள் மட்டுமே இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். அதற்கு முந்தைய பழைய வீடியோக்களுக்கு, அறிவிப்பு வந்த நாளிலிருந்து 90 நாள் தருகிறார்கள். அந்த அறிவிப்பிலேயே 'லேர்ன் மோர்' வழியாகப் போனால் நீக்கத்தை 6 மாதம் ஒத்திப்போடும் வசதி இருக்கிறது. 90 நாள் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். நீக்கிய பின் மீட்க வழியில்லை.

'சேவ்' என்பது பேஸ்புக்குக்குள் குறித்து வைப்பது மட்டும்தான். கோப்பு எதுவும் இறங்காது. சத்தம் வராததற்குக் காரணம் வேறு. பேஸ்புக் போன்ற தளங்களிலிருந்து படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக வருகின்றன, பிளேயர்தான் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. நீங்கள் முயன்ற இறக்கித் தரும் தளம் பட ஓடையை மட்டும் பிடித்துத் தந்திருக்கிறது. அந்தக் கோப்பில் ஒலியே இல்லை, அதனால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அழித்துவிடுங்கள்.

உங்கள் சொந்தப் பக்கம் என்பதால் இடைத்தளமே வேண்டாம். கணினியில் குரோமில் நுழைந்து, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பக்கத்தின் கணக்குக்கு மாறிக்கொண்டு, லைவ் வீடியோவைத் திறந்து முழுத்திரையாக்குங்கள். மூன்று புள்ளியை அழுத்தினால் 'டவுன்லோட் வீடியோ' வரும். எம்பி4 கோப்பாக, ஒலியோடு இறங்கும். அரிய பேச்சுகளை முதலில் இப்படி ஒவ்வொன்றாக இறக்கிவிடுங்கள். மொத்தமாக எடுக்கும் வேலையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நீலவானம்:
அறுபதையும் ஒவ்வொன்றாக எடுப்பது பெரும்பாடு. பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு உள்ளவர் செட்டிங்ஸில் தகவலைப் பதிவிறக்கும் பகுதிக்குப் போய் மொத்தமாகவே கேட்கலாம். அங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும். மீடியா தரத்தை 'ஹை' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் குறைந்த தரத்தில் வந்து சேரும். தேதியை ஆண்டு ஆண்டாகப் பிரித்துக் கேளுங்கள். தயாரான ஜிப் கோப்பு 4 நாள்தான் காத்திருக்கும். ஏழாண்டு வீடியோவை ஒரே மூச்சில் கேட்டால் நம் ஊர் இணைய வேகத்தில் அதற்குள் இறக்கி முடிக்க முடியாது.

மூன்றாவது, பிரவுசரில் திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல் வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். நிரல்களுக்கான ஜேசன் வடிவில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து, புரியாத குறிகளாக வரும். வீடியோக் கோப்புகளின் பெயர் வெறும் எண்ணாகத்தான் இருக்கும். எது எந்தக் கூட்டம் என்று அந்த எச்டிஎம்எல் பக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், அதனால் அது படிக்கிற மாதிரி இருப்பது முக்கியம். இறக்கியவுடனே பெயர் மாற்றிவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள், பிறகு பேச்சாளர் பெயர் என்ற வரிசையில் வைத்தால் கோப்புறையில் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

நேரே கூகுள் டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் கூகுளின் இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு பங்கு. டிராப்பாக்ஸில் 2 ஜிபி. உங்கள் அளவுக்கு இரண்டுமே போதாது.

தஞ்சை வாசகன்:
மிக்க நன்றி. ஒத்திப்போட்டுவிட்டேன். மூன்று சிக்கல். சில கூட்டங்களைச் செயலாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து லைவ் போட்டுப் பக்கத்தில் பகிர்ந்திருக்கிறார். அவற்றில் 'டவுன்லோட்' வரவில்லை. பாதியில் நின்ற ஒரு பதிவிறக்கத்தை மறுநாள் தொடர்ந்தால் தோல்வி என்கிறது. பென்டிரைவில் 20 ஜிபிக்கு மேல் இடம் இருந்தும் ஒரு வீடியோவை மட்டும் ஏற்க மறுக்கிறது.

கணித்திரை:
லைவ் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்கில்தான் பதிவிறக்கம் வரும். செயலாளரே தன் கணக்கில் நுழைந்து இறக்கித் தர வேண்டும். அவருக்குத் தனியாக அறிவிப்பு வந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் ஒத்திப்போட்டது அவர் வீடியோக்களைக் காப்பாற்றாது. இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

பாதியில் நின்றதை மறுநாள் தொடர முடியாததற்குக் காரணம், பேஸ்புக் தரும் கோப்பு முகவரிக்குக் காலாவதி நேரம் உண்டு. குரோமின் பதிவிறக்கப் பட்டியலில் 'ரெஸ்யூம்' அழுத்தினால் அது பழைய முகவரியையே தேடும். வீடியோப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் புதிதாகத் தொடங்குங்கள். கணினி உறங்கப் போகும் நேரத்தையும் பவர் செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். இறங்கிய ஒவ்வொன்றையும் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாவிப் பார்த்து, நீளத்தைப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கோப்பு திறக்கிறது என்பதற்காக முழுசாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

மணிமுத்தாறு:
பென்டிரைவ் சிக்கல் இடத்தால் வருவது அல்ல. அது கோப்புகளைச் சேமிக்கும் பழைய முறையான பேட்32-இல் ஃபார்மட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவான வீடியோ நிமிடத்துக்கு 30 எம்பி பிடிக்கும், ஆக 2 மணி 20 நிமிடம் போல ஆகும்போது அந்த வரம்பை எட்டிவிடும். உங்கள் இரண்டரை மணிக் கூட்டம் அங்கேதான் மாட்டுகிறது.

விண்டோஸில் பென்டிரைவை வலது கிளிக் செய்து 'ஃபார்மட்', அதில் இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அப்படிப்பட்ட உறுப்பினர்களுக்குப் பேட்32 பென்டிரைவையே வைத்துக்கொண்டு, லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளால் வீடியோவை இரண்டாக வெட்டிக் கொடுங்கள். வீடியோவை மறுபடி சுருக்கி எழுதாமல் (என்கோட் செய்யாமல்) வெட்டுவதால் தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். வெட்டு நீங்கள் வைத்த நொடியில் துல்லியமாக விழாது, சற்று முன்பின் நகரும். ஆகவே பேச்சின் நடுவே வெட்டாமல் கைதட்டல் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

போனில் கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். அதற்கு மேல் இருப்பதை யூடியூபில் 'அன்லிஸ்டெட்' ஆக (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி லிங்க் கொடுங்கள். போன் எண்ணால் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, சரிபார்த்தால் 12 மணி நேரம் வரை போகும்.

நீலவானம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். லைவ் ஓடும்போது வந்த கருத்துகள் எம்பி4 கோப்பில் இருக்காது. கேள்வி பதிலெல்லாம் அங்கேதான் நடந்தது என்றால், வீடியோ நீங்குவதற்கு முன் ஒவ்வொரு பதிவிலும் 'ஆல் கமென்ட்ஸ்' என்று மாற்றி, கடைசி வரை விரித்து, குரோமில் பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அந்த வீடியோ இருக்கும் கோப்புறையிலேயே, அதே பெயரில்.