1969 ஷெவெல் 396: பின் ஆக்சிலில் 3.31 போதுமா, 4.10 போடலாமா?

ஷெவெல்69:
வண்டி 1969 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396. 396 கன அங்குல எல்35 இன்ஜின், 325 குதிரைத்திறன். டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 12 போல்ட் பின் ஆக்சில், உள்ளே கம்பெனி போட்ட 3.31 ரேஷியோ (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.31 முறை சுற்றும்). டயர் உயரம் 26 அங்குலம். நான் இருப்பது மிஷிகனில். உட்வர்ட் அவென்யூவில் சனிக்கிழமை மாலை ஒரு சுற்று, அவ்வப்போது ஐ-75இல் வடக்கே இரண்டு மணி நேரப் பயணம். சிக்னலில் கிளம்பும்போது பிக்கப் மந்தமாக இருக்கிறது. 4.10 போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நாலுபத்து:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். டர்போ 400இன் முதல் கியர் 2.48. அதை 3.31ஆல் பெருக்கினால் 8.21 வருகிறது, 4.10ஆல் பெருக்கினால் 10.17. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சக்கரத்துக்குப் போகும் டார்க் கிட்டத்தட்ட கால் பங்கு ஏறுகிறது. கேம்ஷாஃப்ட், ஹெட் என்று மாற்றி இதே பலனை எடுக்கப் பாருங்கள், பர்ஸ் காலியாகும்.

ஆயில்கறை:
பெருக்கல் சரிதான். ஆனால் அவர் ஐ-75 என்று எழுதியது உங்கள் கண்ணில் படவில்லையா?

மணிக்கு இத்தனை மைல் என்ற வேகத்தை ரேஷியோவாலும் 336 என்ற மாறிலியாலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 65 மைலில் 3.31க்கு இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,780 சுற்று. 4.10க்கு 3,440. டர்போ 400இல் டார்க் கன்வர்ட்டரை (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பூட்டும் லாக்அப் இல்லை, அதனால் கன்வர்ட்டர் நழுவல் வேறு மேலே ஒரு நூறு, நூற்றைம்பதைச் சேர்க்கும். இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது. பெட்ரோல் முள் இறங்குவது மட்டும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. எல்35 பந்தய இன்ஜின் இல்லை. 410 பவுண்டு-அடி டார்க்கின் உச்சம் 3,200 சுற்றில், குதிரைத்திறனின் உச்சம் 4,800இல். 4.10 போட்டால் டாப் கியரில் 90 மைலிலேயே 4,800 வந்துவிடும். 3.31இல் அதே சுற்று 112 மைலில்தான் வரும். மேலே மூச்சு விடாத இன்ஜினுக்கு இவ்வளவு குட்டையான (ரேஷியோ எண் பெரிய) கியர் எதற்கு? 5,600 சுற்று வரை இழுக்கும் எல்78 (இதே 396இன் அதிக சக்தி வடிவம்) என்றால் நானே 4.10 சொல்லியிருப்பேன்.

நாலுபத்து:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்த எடையில் இந்த இன்ஜின் கால் மைல் பந்தய முடிவுக் கோட்டை 95 மைலை ஒட்டிக் கடக்கும். 4.10இல் அது சுமார் 5,030 சுற்று. உச்சத்தைத் தாண்டி இருநூற்றுச் சொச்சம். கோட்டில் அப்படி இருப்பதுதான் சரி, பந்தய ஸ்ட்ரிப்பில் ஓட்டிய யாரையும் கேளுங்கள். நெடுஞ்சாலை பயமென்றால் 28 அங்குல டயர் போடட்டும். 4.10 அப்போது 26 அங்குலத்தில் 3.81 போல நடந்துகொள்ளும்.

ஆயில்கறை:
4.10 வாங்கி, பெரிய டயர் வாங்கி, கடைசியில் 3.81க்கு வருவதா? நேராக 3.73 போடலாமே! 12 போல்ட்டில் 3.08 முதல் 3.73 வரை ஒரே கேரியர் (கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் கூடு). 4.10க்கு வேறு கேரியர் வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே வரும் தடித்த கிரவுன் வீல் வேண்டும். பாசிட்ராக்‌ஷன் எனும், இரு பின் சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் கேரியர் இருந்து அதையும் மாற்ற நேர்ந்தால் செலவு எங்கேயோ போகும். கிரவுன், பினியன் விலையோடு கதை முடியாது. பேரிங், ஷிம், பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி), பல் பதிவு பார்க்கத் தெரிந்த ஆள் கூலி எல்லாம் உண்டு. அவசரத்தில் மாட்டினால் வாழ்நாள் முழுக்க ஆக்சில் ஊளையிடும்.

பல்சக்கரம்:
இருவரும் ஆக்சிலையே முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் 3.06. இருக்கிற 3.31ஓடு பெருக்கினால் 10.13. நாலுபத்து கேட்கும் 10.17க்கும் இதற்கும் சீட்டில் உட்கார்ந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. நான்காவது 0.70 ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட டிரைவ் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்), ஆக 65 மைலில் 1,950 சுற்றுதான். ஆக்சில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

நாலுபத்து:
அழகாக இருக்கிறது, காகிதத்தில். 3.06இல் இருந்து இரண்டாம் கியர் 1.63க்கு விழும் பள்ளத்தைச் சொல்லவில்லையே? 3.31ஓடு அது 5.40. டர்போ 400இன் 1.48, 4.10ஓடு 6.07. கிளம்பிய வேகம் இரண்டாம் கியரில் செத்துவிடும். தவிர, பழைய கேப்ரிஸ் காரில் கழற்றிய 700ஐ 396க்குப் பின்னால் மாட்டினால் அதன் கதி என்ன?

பல்சக்கரம்:
கழற்றியதை அப்படியே மாட்டச் சொல்லவில்லை. பலப்படுத்திக் கட்டியது வேண்டும். த்ராட்டில் வால்வு கேபிளைச் சரியான அளவில் வைக்கவும் வேண்டும், அது தவறினால் கிளட்சுகள் சீக்கிரமே எரியும். கிராஸ்மெம்பர் வேலை தனி. மலிவான வழி என்று நான் சொல்லவே இல்லை. இரண்டாம் கியர் பள்ளம் உண்மைதான்.

ஆயில்கறை:
ஷெவெல்69, ஒரு சந்தேகம். 410 பவுண்டு-அடி இருக்கும் வண்டி 3.31இல் மந்தமாகக் கிளம்புகிறது என்பதே இடிக்கிறது. அடியில் மிதித்தால் பின் டயர் சுற்ற வேண்டும், மந்தம் என்ற பேச்சே வரக்கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, குவாட்ராஜெட் கார்புரேட்டரின் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்திருந்தால் நான்கு பேரல் (காற்று வழி) கார்புரேட்டர் இரண்டு பேரலாகவே ஓடும். டர்போ 400இன் கிக்டவுனை (முழுதாக மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறங்குவதை) இயக்குவது மின்சார சுவிட்ச், அதன் ஒயரையும் பாருங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எதற்கும் பெரிய காசு வேண்டாம்.

ஷெவெல்69:
கேபிள் பக்கம் போகவே இல்லை. இந்த வாரம் பார்க்கிறேன். அது சரியாக இருந்து, 3.73 அல்லது 4.10 என்று வந்தால் சத்தத்தை முன்கூட்டி எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியில் இன்ஜின் சுற்று காட்டும் டாக்கோமீட்டர் கிடையாது.

ஆயில்கறை:
லீவரை இரண்டாம் கியரில் நிறுத்தி 54 மைலில் ஓட்டுங்கள். 1.48ஐ 3.31ஆல் பெருக்கினால் 4.90. டாப் கியரில் 4.10ஓடு 65 போகும்போது எத்தனை சுற்றோ, அதே சுற்று வந்துவிடும். 3.73க்கு அதையே 49, 50 மைலில் செய்யுங்கள். அரை மணி நேரமாவது விடாமல் ஓட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாமே இனிமையாகத்தான் இருக்கும். எதைப் போட்டாலும் ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் முள் கூடுதலாகக் காட்டும்.

நாலுபத்து:
ஓட்டும்போது ஜன்னலை இறக்கி வையுங்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த வண்டியையே வாங்குகிறார்கள் என்பது என் கட்சி. கேபிளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், 4.10 விலை விசாரித்து வைக்கிறேன்.