அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர், ஆலோசகர் தினமும் தாள் நிரப்பச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 58 வயது. அப்பா போனதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் இல்லை. கேட்டால் "உடம்பு எரியுது, நெஞ்சு பாரமா இருக்கு" என்பதோடு சரி. மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்து, சிபிடிக்காக (நினைப்பையும் நடத்தையையும் பேசி மாற்றும் சிகிச்சை) ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் முதல் வாரமே கட்டம் போட்ட தாளைக் கொடுத்து என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள், அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம் என்று எழுதிவரச் சொல்லிவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மகளிடம் சொல்லக் கூசி பாதியை முழுங்கிவிட்டார். நாலாவது தடவை "எனக்குப் பரீட்சை வைக்கிறாங்க, நான் வரல" என்று படுத்துவிட்டார். ஆளை மாற்றணுமா, இல்லை இதையே வேறு மாதிரி செய்ய முடியுமா?

பூவரசு:
அம்மா மேல் தப்பே இல்லை. நான் ஆலோசகராக வேலை செய்கிறேன், அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் அப்புறம் வராமலே நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நினைப்பு வேறு உணர்ச்சி வேறு என்று பிரித்து எழுதுவது பழக்கப்பட்டவர்களுக்கே சிரமம். அம்மா மாதிரி ஆட்களிடம் நான் செயலிலிருந்து தொடங்குவேன்: முன்பு என்னென்ன செய்வார், எதையெல்லாம் விட்டுவிட்டார், அதில் எது இந்த வாரம் கொஞ்சமாவது முடியும். மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் கை வேலையைத் தொடங்கினால் மனசு மெல்லப் பின்னால் வரும். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் இதையே 6 முதல் 8 அமர்வுகளாக அமைத்து, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறினார்கள், 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எழுத்துக்குப் பதில், செய்த நாளுக்குக் காலண்டரில் ஒரு பொட்டு வைத்தால் போதும். இன்னொன்று, உடம்பு எரிவதை மனசு என்று தள்ளிவிடாதீர்கள், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்தாச்சா? வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி பேசினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், ராத்திரியானால் அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நடைவண்டி:
ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் தொடங்கியது நினைவுக்கு வருகிறது. பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். மனநல பெஞ்ச் என்று பெயர் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், நட்பு பெஞ்ச் என்று வையுங்கள் என்றதே அந்தப் பாட்டிகள்தான். மனச்சோர்வு என்ற சொல்லுக்குப் பதிலாக அவர்கள் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். அம்மா நெஞ்சு பாரம் என்றால் ஆலோசகரும் நெஞ்சு பாரம் என்றே பேசட்டும்.

ஓசிடியோடு 12 வருடம்:
ஒரு எச்சரிக்கை. எதையும் மாற்றலாம் என்று போனால் சிகிச்சையில் குணமாக்குகிற பகுதியே காணாமல் போய்விடும். ஓசிடி என்றால் வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்; எனக்குக் கை கழுவும் பிரச்சினை. முதலில் பார்த்தவர் நான் அழுததும் கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியையே விட்டுவிட்டு எட்டு மாதம் ஆறுதலும் மூச்சுப் பயிற்சியுமாக ஓட்டினார், கழுவுவது ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அடுத்தவரும் மாற்றினார், ஆனால் வேறு இடத்தில்: வேகத்தைக் குறைத்தார், எச்சில், தீட்டு என்று எங்கள் வீட்டில் இருப்பதில் எது வழக்கம், எது நோய் என்று மாமியாரையும் உட்காரவைத்துப் பிரித்தார். செருப்பைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கும் பயிற்சியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதில்தான் தேறினேன். அதனால் ஆலோசகரிடம் எதை விடுகிறீர்கள், ஏன் விடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஆலோசகரிடம் போனில் சொன்னேன், தாள் வேண்டாம், முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். ரத்தப் பரிசோதனை நாளைக்கு. அப்பா இருந்தவரை அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து பூ கட்டுவார், இன்று கால் கிலோ மல்லி வாங்கி வைத்தேன். அரை முழம் கட்டிவிட்டுப் போதும் என்றார். காலண்டரில் பொட்டு வைத்தாச்சு.