மன்றங்கள் சேர்ந்து வேலைவாய்ப்பு உதவி நடத்தினால் எல்லைச் சிக்கல் தீருமா?

கேள்வி:
இங்கிலாந்தில் இரண்டு உள்ளாட்சி மன்றங்களின் எல்லை சந்திக்கும் பகுதியில், வேலை தேடுவோருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவும் தன்னார்வலராக இருக்கிறேன். சாலையின் இந்தப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, எதிர்ப்பக்கத்து மன்றம் நடத்தும் பராமரிப்புப் பணிப் பயிற்சியில் இடம் மறுக்கப்பட்டது. அஞ்சல் குறியீடு வேறு என்பதே காரணம். அவர் வேலை கேட்டிருக்கும் முதியோர் இல்லமோ அந்த எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி 2024 நவம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கைக்குப் பிறகு, வேலைவாய்ப்பு உதவித் திட்டமான 'கனெக்ட் டு வொர்க்'கை மன்றங்கள் குழுக்களாகச் சேர்ந்து நடத்தும் என்கிறார்கள். இதனால் இவரைப் போன்றவர்களுக்கு வழி திறக்குமா, அல்லது மேலே இன்னோர் அலுவலகம் முளைப்பதோடு நின்றுவிடுமா?

மறுமொழி 1:
மன்றங்கள் சேர்வது புதிதன்று. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமே கூட்டுக் குழு அமைக்க இடமளித்தது. 2009ஆம் ஆண்டின் சட்டம், பல மன்றங்கள் சேர்ந்து அமைக்கும் ஒருங்கிணைந்த ஆணையங்களுக்கு வழிசெய்தது. அதன்படி 2011இல் மான்செஸ்டர் பெருநகரின் 10 மன்றங்களும் சேர்ந்து அப்படியோர் ஆணையத்தை அமைத்தன. 2014இல் அவை தொடங்கிய 'வொர்க்கிங் வெல்' திட்டம், உடல்நலக் குறைவால் உதவித்தொகை பெற்று, நடுவண் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் இரண்டாண்டு இருந்தும் வேலை கிடைக்காதவர்களை எடுத்துக்கொண்டது. மருத்துவ உதவி, வீட்டு வாடகைச் சிக்கல், கடன், பயிற்சி என எல்லாவற்றையும் ஒரே பணியாளர் கவனித்து இணைத்துவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தனி மன்றம் ஒன்று இவ்வளவையும் தாங்குவது கடினம். மேலும், மக்கள் வேலைக்குச் சென்றுவரும் வட்டாரங்களை 2011 கணக்கெடுப்பின்படி தேசியப் புள்ளியியல் அலுவலகம் வகுத்தபோது ஐக்கிய இராச்சியம் முழுவதும் 228தான் வந்தன. மன்ற எல்லைகளை அவை பொருட்படுத்துவதில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லை மறைவதில்லை, தள்ளிப்போகிறது. 2019 ஆகஸ்ட் முதல் வயதுவந்தோர் கல்வி நிதி லண்டனுக்கும் சில ஒருங்கிணைந்த ஆணையங்களுக்கும் கைமாறியது. அந்தப் பணம் பொதுவாக அந்தந்த ஆணையப் பகுதியில் குடியிருப்போருக்கே செலவாகும் என்பதால், உள்ளே இருக்கும் மன்றங்களுக்கிடையே தடை விலகியது, வெளிவிளிம்பில் இருப்பவர்களுக்கு அதே அஞ்சல் குறியீட்டுக் கதைதான். ஆகவே அந்தப் பெண் இருக்கும் மன்றமும் எதிர்ப்பக்கத்து மன்றமும் ஒரே குழுவில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

மறுமொழி 3:
இத்தகைய கூட்டுத் திட்டமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் இனிமையாகப் பேசுவார்கள். உரசல் வருவது கணக்கெழுதும்போதுதான். ஒரு மன்றத்தில் குடியிருப்பவர், இன்னொரு மன்றத்தின் ஆலோசகர் உதவியால், மூன்றாவது மன்றத்தின் எல்லையில் வேலைக்குச் சேர்ந்தால், அந்த வெற்றி யாருடைய பட்டியலில் ஏறும்? இதை முன்கூட்டியே எழுதி வைக்காத இடத்தில், ஆலோசகர்கள் அடுத்த மன்றத்துக்கு ஆள் அனுப்பவே தயங்குவதைக் கண்டிருக்கிறேன். நிதியைப் பெற்று அரசுக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பை ஒரே மன்றம் ஏற்பதே வழக்கம் என்பதால், மற்றவை தம் தேவை பின்தள்ளப்படுவதாக உணர்வதும் உண்டு. தகவல் பகிர்வு ஒப்பந்தம் இழுத்தடிக்கப்பட்டால், வந்தவர் தம் நோய்க்கதையை மூன்று முறை சொல்ல நேரும்.

மற்றொன்று: 'கனெக்ட் டு வொர்க்' முறையில் முதலில் வேலை, அதன்பின் அந்த வேலையிலேயே துணை என்பதுதான் வரிசை, நீண்ட பயிற்சிக்குப் பிறகு வேலை தேடுவதன்று. விருப்பமுள்ளவர் மட்டுமே சேரலாம். உடல்நலக் குறைவு, மாற்றுத்திறன் போன்ற தடைகள் உள்ளவர்களுக்கானது என்பதால் அந்தப் பெண்ணுக்கு இது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சி மட்டுமே தேவையென்றால் கல்வி நிதியின் பக்கமே செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, நண்பர்களே. அவருக்கு முதுகுவலி நெடுநாளாக இருக்கிறது என்பதை நான் எழுத மறந்துவிட்டேன், ஆகவே இரண்டு வழியும் திறந்திருக்கலாம். குழுவின் பொறுப்பேற்ற மன்றம் எது என்றும், எல்லை தாண்டிய வேலை யார் கணக்கில் சேரும் என்றும் அடுத்த வாரம் எழுதிக் கேட்கிறேன்.