மறு: குழியுளியின் ‘ஸ்வீப்’ – வளைவா, குழிவா?

நண்பர்களுக்கு வணக்கம். மரச்செதுக்கலில் புதிதாக இறங்குபவர்களுக்கான கருவிப் பட்டியலில் இந்த ஒரு சொல்தான் இன்னும் முடிவாகவில்லை: குழியுளியின் (குழிந்த வாயுள்ள உளியின்) வாய், அதாவது வெட்டும் முனை, எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ‘ஸ்வீப்’ (sweep) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல்.

> ‘ஸ்வீப்’புக்கு ‘வளைவு’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும். வளைந்த உளி என்றதும் தண்டு வளைந்த உளிதான் நினைவுக்கு வரும். கிண்ணத்தின் உட்புறம் போன்ற ஆழமான இடத்துக்கு அது வேண்டும். நேர்த்தண்டு உளியைவிட அதன் விலை கூடுதல், தீட்டுவதும் கடினம். தொடங்குபவருக்கு இரண்டுமே சுமை. நாம் பெயர் தேடுவது வாயின் குறுக்கே ஓடும் வளைவுக்கு.

> அப்படியானால் ‘வளைவாரம்’ என்று வைக்கலாமா? துல்லியமாக இருக்கும்.

ஆரம் இங்கே பொருந்தாது. உளிகளுக்கு எண் இடும் முறைகளில் ஒன்றான ஷெஃபீல்டு வரிசையில் 9 என்பது அரைவட்டம். 10 மி.மீ. அகல உளியில் அதன் ஆரம் 5 மி.மீ., 20 மி.மீ. உளியில் 10 மி.மீ. எண் மாறவில்லை, ஆரம் மாறிவிட்டது. எண் சொல்வது, அகலத்தோடு ஒப்பிட்டால் வாய் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதைத்தான். ஆகவே ‘குழிவு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆழத்தை அகலத்தால் வகுத்தால் வருவது குழிவு, அரைவட்டத்துக்கு 0.5.

தயாரிப்பாளர் தண்டில் பொறிக்கும் எண்ணுக்குக் ‘குழிவெண்’ என்று தனிப்பெயர் வேண்டும். ஷெஃபீல்டு வரிசையில் 1 நேர்வாய், 2 சாய்வாய், 3-இல்தான் குழியுளி தொடங்குகிறது. இன்னொரு எண்முறையான சுவிஸ் வரிசையிலோ 2 என்பதே ஆழம் குறைந்த குழியுளி. வரிசையைச் சொல்லாமல் ‘2-ஆம் எண் வாங்குங்கள்’ என்று எழுதினால் ஒருவர் கைக்குச் சாய்வாய் உளி வந்து சேரும்.

குழிவெண் தெரியாவிட்டால் மலிவாக வாங்கவே முடியாது. பன்னிரண்டு உளிப் பெட்டியில் பாதி ஒன்றுபோலவே இருக்கும். எஃகு மென்மையாக இருந்தால் வாய் சீக்கிரம் மடங்கும். அந்தப் பணத்தில் ஒரு செதுக்குக் கத்தி, ஷெஃபீல்டு 3-இல் ஏறத்தாழ 20 மி.மீ. ஒன்று, 9-இல் ஏறத்தாழ 10 மி.மீ. ஒன்று என்று தனித்தனியாக வாங்குவதே மேல். 9 தோண்டும், 3 அந்த வரிகளைச் சமன் செய்யும். இரண்டுக்கும் 3-ஐயே பயன்படுத்தினால் ஆழமாக இறக்கும்போது வாயின் இரு மூலைகளும் மரத்துக்குள் புதைந்து ஓரத்தைக் கிழித்துவிடும்.

- - -

மறு: மறு: குழியுளியின் ‘ஸ்வீப்’

‘குழிவு’க்கு என் ஆதரவு, ஐயா. ஒரு திருத்தம்: வி-வடிவ உளிக்குக் குழிவு கிடையாது, இரு பக்கங்களுக்கும் இடையிலான கோணம்தான் உண்டு, 60 பாகை பரவலான அளவு. வரையறையில் ‘குழியுளிக்கு மட்டும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

எண் அழிந்துபோன பழைய உளிகளில்தான் இந்தச் சொல் அதிகம் பயன்படும். வாயைத் தாளில் செங்குத்தாக அழுத்தினால் ஒரு வில் பதியும். அதன் இரு முனைகளையும் கோட்டால் இணைத்து, நடுவில் உயரத்தை அளக்கவும். நீளம் 20, உயரம் 2 என்றால் குழிவு 0.1.

பழையதை வாங்கும்போது துருவை எங்கே பார்ப்பது என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும். வெளிச்சாய்வு உளியில், அதாவது வெளிப்பக்கம் சாய்வாகத் தீட்டப்பட்ட உளியில், கூர் என்பது உட்பக்கமும் அந்தச் சாய்முகமும் சந்திக்கும் கோடு. வெளிப்பக்கப் பள்ளங்களைச் சாய்முகம் தேய்க்கையில் நீக்கிவிடலாம். உட்பக்கத்தில் வாயை ஒட்டிப் பள்ளம் இருந்தால், தீட்டத் தீட்ட ஒவ்வொரு பள்ளமும் கூரில் ஒரு வெட்டாக வந்து நிற்கும். மரத்தில் கீறல் கீறலாக விழும். மேல்துரு பரவாயில்லை, பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மலிவான புது உளிகளில் சாய்முகத்தின் கோணம் பெரும்பாலும் தேவைக்கு அதிகமாக இருக்கும். மென்மரத்துக்கு அதை 20–25 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிமேல் ஒட்டிய 400, 800, 1200 எண் உப்புத்தாளே போதும், சாணைக்கல் வாங்க அவசரமில்லை. உளியை உருட்டிக்கொண்டே தேய்த்து, உட்பக்கம் முழுநீளமும் பிசிறு விரலில் தட்டும்வரை ஒரு தாளை விட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மின்சாணையில் எஃகு நீலம் பூத்தால் அந்தப் பகுதியின் பதம் போய்விட்டது என்று பொருள். அதைத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும்.

வரைவு இது: ‘குழிவு – குழியுளி வாயின் ஆழத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். குழிவெண் – தயாரிப்பாளரின் வரிசைப்படி அதைக் குறிக்கும் எண்.’ மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.