இவ்வளவு ஓட்டும் இத்தனை கல்லூரியும் இருந்தும் நீதிபதி நாற்காலியில் ஏன் கத்தோலிக்கர்கள்?

சாம்பல்கிளி கேட்டது:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் அமெரிக்காவின் வெள்ளை இவாஞ்சலிக்கல் (பைபிளையும் மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டண்ட்) வாக்காளர்களில் ஏறக்குறைய பத்துக்கு எட்டுப் பேர் ட்ரம்புக்குப் போட்டிருக்கிறார்கள். இவர்களை விட்டால் குடியரசுக் கட்சிக்கு நாதியில்லை. ஆனால் 2022-ல் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ தீர்ப்பை ரத்து செய்தவர்கள் யார் என்று பாருங்கள். தீர்ப்பை எழுதிய அலிட்டோ கத்தோலிக்கர், கூட நின்ற தாமஸ், கவனா, பேரட் மூவரும் கத்தோலிக்கர்கள், கோர்சச் கத்தோலிக்கராக வளர்ந்தவர். இன்றைக்கும் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் கத்தோலிக்கர்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டைக் கொண்டுவந்து கொட்டியது ஒரு கூட்டம், பேனா பிடித்தது இன்னொரு கூட்டம். இவாஞ்சலிக்கல்களுக்கு வீட்டன், பயோலா, லிபர்ட்டி, பெய்லர் என்று கல்லூரிகள் இல்லாமலும் இல்லை. அப்புறம் ஏன் இப்படி? "அவர்களுக்குப் படிப்பே பிடிக்காது" என்று ஒற்றை வரியில் யாராவது முடித்தால் ஏற்க மாட்டேன், ஹார்வர்டை ஆரம்பித்த காலத்தில் அதன் முக்கிய நோக்கமே போதகர்களைத் தயாரிப்பதுதான்.

பழம்பெட்டி:

ஹார்வர்டு (1636), யேல் (1701) இரண்டும் ப்யூரிட்டன் என்ற பழைய கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவின் வழி வந்தவை, அவர்களை இன்றைய இவாஞ்சலிக்கல்களோடு அப்படியே முடிச்சுப் போட முடியாது. 1746-ல் தொடங்கிய பிரின்ஸ்டன்தான் நெருக்கம், அன்றைய எழுப்புதல் (பக்தியைப் புதிதாகக் கிளப்பும் இயக்கம்) அலையில் பிறந்த கல்லூரி அது. எழுப்புதல் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1758-ல் அதன் தலைவராக வந்த கையோடு அம்மை குத்திக்கொண்டு, அதிலேயே சில வாரத்தில் இறந்துபோனார். அந்தக் காலத்து எழுப்புதல்காரர் புது மருத்துவத்துக்குப் பயந்தவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முறிவு பின்னால் வந்தது. 1876-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஜெர்மானிய மாதிரியில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, டார்வின் வகுப்பறைக்குள் வந்தார், பைபிளையும் மற்றப் பழைய நூல்களைப் போலவே பிரித்து ஆராயலாம் என்ற போக்கு வந்தது, பெரிய கல்லூரிகள் எல்லாம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. 1925-ல் டென்னசி மாநிலம் டேட்டனில் பரிணாமத்தை நடத்தியதாக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு. 100 டாலர் அபராதம் போட்டார்கள், அதாவது கோர்ட்டில் ஜெயித்தது பரிணாமத்தை எதிர்த்தவர்கள்தான். ஆனால் பெருநகரப் பத்திரிகைகள் அவர்களைப் பட்டிக்காட்டான்களாக்கிச் சிரித்த சிரிப்பு இன்றுவரை ஆறாத ரணம். அந்த வழக்கில் பரிணாமத்துக்கு எதிராக வாதாடிய பிரையன் தீர்ப்பு வந்த சில நாளில் இறந்துவிட, அவர் பேரிலேயே 1930-ல் டேட்டனில் ஒரு கல்லூரி வைத்தார்கள்.

அதாவது இவாஞ்சலிக்கல்கள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ஆனால் எதற்காகப் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சிகாகோவின் மூடி (1886), லாஸ் ஏஞ்சல்ஸில் பயோலா (1908) எல்லாம் பைபிள் பயிற்சிக் கூடங்களாக ஆரம்பித்தவை. ஊழியக்காரரும் மிஷனரியும் வேண்டும், நீதிபதி வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டண்ட் மேல்தட்டு வெளியேதான் வைத்திருந்தது, ஆனால் அவர்கள் ஜார்ஜ்டவுன் (1789), நோட்டர்டாம் (1842) என்று தங்களுக்காகக் கட்டியவற்றில் சட்டப் பள்ளியையும் சேர்த்து வளர்த்தார்கள். இப்போதைய உச்ச நீதிமன்றத்தில் ஹார்வர்டு, யேல் சட்டப் பள்ளிகளுக்கு வெளியே படித்து வந்த ஒரே ஆள் பேரட், அவர் படித்தது நோட்டர்டாம். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கரும்பலகை:

வரலாறு சரி, உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் ஒரு சின்ன இவாஞ்சலிக்கல் கல்லூரியில் சில வருடம் கணிதம் நடத்தினேன், பெயர் வேண்டாம். வருடா வருடம் வேலை ஒப்பந்தக் கடிதம் வரும், கூடவே இன்னின்னதை நம்புகிறேன் என்ற விசுவாச அறிக்கை, இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அதில் உறுத்தல் இல்லை, நம்பித்தான் போட்டேன். மாணவர்கள் சாப்பலுக்குள் (கல்லூரி ஆராதனைக் கூடம்) நுழையும்போது அடையாள அட்டையைத் தேய்ப்பார்கள், எத்தனை முறை வராமல் இருக்கலாம் என்று கணக்கு உண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து வேதியியல் வீட்டுப்பாடம் போடுபவர்களும் உண்டு.

வெளியில் இருப்பவர்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள், நான் பார்த்த தொல்லை வேறு. செமஸ்டருக்கு நான்கு பாடம் நடத்தினால் ஆராய்ச்சிக்கு ஏது நேரம்? பெரிய மூலதன நிதி கிடையாது, அடுத்த ஆகஸ்டில் எத்தனை பிள்ளைகள் சேர்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் சம்பளம். அதனால் உண்மையான முதலாளி பெற்றோரும் சபைப் போதகர்களும் நன்கொடை கொடுப்பவர்களும். உயிரியல் வாத்தியார் ஒருவர் பூமியின் வயதைப் பற்றி வகுப்பில் சொன்னது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய், அங்கிருந்து கல்லூரித் தலைவருக்கு மின்னஞ்சலாக வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவரை யாரும் நீக்கவில்லை. அடுத்த வருடம் அவரே வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டனில் வரலாறு நடத்திய மார்க் நோல் இவாஞ்சலிக்கல்களின் அறிவுச் சோம்பலை 1994-லேயே புத்தகமாக எழுதிக் கடிந்தார், அதுவும் உள்ளே இருந்துகொண்டே. 2006-ல் அவர் நோட்டர்டாமுக்குப் போனார். கால்வின் என்ற புராட்டஸ்டண்ட் கல்லூரியில் இருந்த தத்துவவாதி பிளாண்டிங்கா 1982-லேயே அதே நோட்டர்டாமுக்குப் போயிருந்தார். தங்கள் தலைசிறந்த மூளைகளைக் கடைசியில் கத்தோலிக்கர்களின் வாசலில் கொண்டுபோய் விட்ட கூட்டம் நீதிபதிக்கும் அங்கேதானே போகும்!

உப்புக்காற்று:

பழம்பெட்டி சொல்வதைக் கேட்டால் பாவம் அவமானப்பட்டு ஒதுங்கியவர்கள் மாதிரி இருக்கிறது. ஒதுங்கி இருந்தவர்கள் 1970-களின் கடைசியில் ஏன் திரும்ப அரசியலுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ரோ தீர்ப்பு வந்தது 1973-ல். அதற்கு இரண்டு வருடம் முன்னால், இவாஞ்சலிக்கல் சபைகளின் பெரிய கூட்டமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. போதகர் ஜெர்ரி ஃபால்வெல் மாரல் மெஜாரிட்டி என்ற அரசியல் அமைப்பை ஆரம்பித்தது 1979-ல். நடுவில் என்ன நடந்தது? வரி! தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது, வருமான வரித் துறை 1976-ல் அதன் வரிவிலக்கைப் பிடுங்கியது, 1978-ல் மற்றத் தனியார் பள்ளிகளிலும் இனப்பாகுபாட்டைத் தோண்ட விதி கொண்டுவரப் பார்த்தது. அதில் வந்த கோபம்தான் ஆட்களைத் திரட்டியது, கருக்கலைப்பு அப்புறம் மேடைக்கு வந்தது. 1983-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று பாப் ஜோன்ஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காதல் விதியை அவர்கள் கைவிட்டது 2000-ல், அதிபர் வேட்பாளர் புஷ் அங்கே போய்ப் பேசி வம்பில் மாட்டிய பிறகு.

பழம்பெட்டி:

வரி விவகாரம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதுவே எல்லாம் என்றால் பள்ளியில் ஜெபத்தை நிறுத்திய 1962 தீர்ப்பை எங்கே வைப்பீர்கள்? சபைகளில் அந்தக் கோபம் அதற்கு முன்பே ஊறிக் கிடந்தது.

சாம்பல்கிளி:

சரி, இப்போது இவாஞ்சலிக்கல்களுக்கும் சட்டப் பள்ளிகள் இருக்கின்றனவே?

கரும்பலகை:

இருக்கின்றன, ஆனால் வயது குறைவு. ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 1979-ல் தொடங்கி 1986-ல் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சனின் கைக்குப் போனது, இன்று ரீஜென்ட் என்கிறோம். லிபர்ட்டி சட்டப் பள்ளி 2004. அங்கே படித்தவர்கள் மாநில அரசுகளுக்கும் நாடாளுமன்ற அலுவலகங்களுக்கும் போகிறார்கள், புஷ் காலத்தில் நீதித் துறையிலும் ரீஜென்ட் ஆட்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வேறு ஏணி.

நீலத்தாள்:

எல்லாரும் கல்லூரிப் பெயரையே எண்ணுகிறீர்கள். இவாஞ்சலிக்கல் வீட்டுப் பிள்ளைகளில் நிறையப் பேர் சாதாரண அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறார்கள், அங்கே இன்டர்வார்சிட்டி, க்ரூ மாதிரிக் கிறிஸ்தவ மாணவர் குழுக்களில் கூடுகிறார்கள். க்ரூவே 1951-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பிறந்ததுதான். இந்தக் குழுக்கள் ஹார்வர்டு, யேல் மாதிரி ஐவி லீக் கல்லூரிகளிலும் உண்டு, அங்கே போய்ப் பார்த்தால் பல இடத்தில் பாதிக்கு மேல் ஆசிய முகங்கள், நீங்கள் சொன்ன அந்தப் பத்துக்கு எட்டுக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். 2009 முதல் 2021 வரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் தலைவராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ் இவாஞ்சலிக்கல்தான், பரிணாமத்தை ஏற்பவர். யேல் படித்துவிட்டு வந்தவர். தொற்றுக் காலத்தில் தடுப்பூசி போடுங்கள் என்று சபைகளைப் பார்த்துக் கெஞ்சினார், எத்தனையோ சபைகளில் அவரை விட யூடியூப் போதகருக்குத்தான் மதிப்பு இருந்தது. ஆள் இல்லாமல் இல்லை, இருக்கிற ஆள் சொல்வதை வீட்டார் கேட்பதில்லை.

வீட்டனையே பாருங்கள். 2025 பிப்ரவரியில் ட்ரம்பின் பட்ஜெட் அலுவலகத் தலைவராக ரஸ்ஸல் வோட் பதவியேற்றபோது, நம் பழைய மாணவர் என்று கல்லூரி வாழ்த்துப் போட்டது. முன்னாள் மாணவர்களில் ஒரு பகுதி கொதித்தது, கல்லூரி பதிவை எடுத்துவிட்டது, எடுத்ததற்காக இன்னொரு பகுதி கொதித்தது. இரண்டு பக்கமும் பகிரங்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் அதே சாப்பலில் உட்கார்ந்தவர்கள்.